குறைத்துண்ணலும் மூளையின் நலமும்

இந்தியாவில் ஒரு பொது மருத்துவமனையில் நீரிழிவு நோயாளருக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு முதன்முதலாக ஏற்பட்டது 1948-ஆம் ஆண்டில், நம் வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையில் என்பதும், அப்பிரிவைத் தொடங்கிய பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-இல் ராயபுரத்தில் நிறுவிய பொது மருத்துவமனை 1971 முதல் நீரிழிவு ஒன்றற்கே உரிய மருத்துவமனையாக விளங்கி வருகிறது என்பதும், காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நாம் அறிந்து பெருமை கொள்ளத்தக்க செய்திகள். நீரிழிவு என்றாலே சோற்றை அடியோடு விலக்கும்படி வைத்தியர்கள் ஆணையிட்டு வந்த காலத்தில், நம் மக்கள் சோற்றை விட்டு நெடுநாள் வாழமாட்டார்கள் என்பதை உணர்ந்த அவர், மொத்தக் கலோரியையும் கொழுப்பையும் குறைத்து, நார்ச்சத்து மிகுந்த தானியம், பருப்பு, கீரை, காய்கறி ஆகியவற்றின் வாயிலாகவே மாவுச்சத்தை அளிக்கும் ஓர் ஆகார முறையை வகுத்துப் பரப்பினார். மிகையைக் குறைக்க வேண்டும், சத்தைக் குறைக்கலாகாது என்னும் அவ்வழியையே இந்த அத்தியாயமும் பின்பற்றுகிறது.

மூளையைப் பற்றிய அத்தியாயத்தில் நீரிழிவின் வரலாறு எதற்கு என்று வாசகர் வினவலாம். உணவைக் குறைப்பதால் மூளைக்கு விளையக்கூடிய நன்மைகளைப் பற்றி இன்று பேசப்படுவன பலவற்றுள், மனிதரிடத்தில் ஓரளவேனும் உறுதியோடு சொல்லத்தக்கது, இரத்தத்திலுள்ள சர்க்கரையும் வயிற்றைச் சுற்றிய கொழுப்பும் குறைவதன் வழியாக வரும் நன்மையே என்பது என் முடிபு. நடுவயதிலேயே நீரிழிவு கொண்டோர்க்கு முதுமையில் மறதிநோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளால் நிலைபெற்ற உண்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி நாட்டில் நீரிழிவு கொண்டோர் 10.1 கோடி, அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வின்படி, 60 வயதைக் கடந்த இந்தியரில் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயால் வருந்துகின்றனர். இவ்விரண்டு தொகைகளையும் ஒருசேர நோக்குவார்க்கு, உணவுத் தட்டு மூளையின் விஷயமும் ஆகும் என்பது தெளிவாகும்.

தட்டையும் மூளையையும் இணைப்பனவற்றுள் ஒன்று அழற்சி. அழற்சி என்று இங்கே நாம் குறிப்பது யாது என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். கடும் ஜுரமும் தலைவலியும் கழுத்து விறைப்பும் நினைவு தடுமாறுதலும் வலிப்பும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தோன்றுவது மூளைக்காய்ச்சல். அதற்கு ஆகார நியமம் மருந்தாகாது, ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைவதே வழி. நாம் பேசப்போவது வேறு: ஆண்டுக்கணக்கில், வெளியே எவ்வித அடையாளமும் காட்டாமல், மூளையின் உள்ளே மெல்ல நடைபெறும் அழற்சி. மூளையில் மைக்ரோகிளியா என்னும் காவல் செல்கள் உண்டு. கிருமிகளையும் சிதைந்த பொருள்களையும் அகற்றுவது அவற்றின் தொழில். வயிற்றுக்குள் திரண்ட கொழுப்பு, தன் பங்குக்கு, சைட்டோகைன் எனப்படும் அழற்சித் தூதுப்பொருள்களை இடைவிடாது இரத்தத்தில் விடுகிறது. மிகுந்த சர்க்கரை நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைக் கெடுத்து, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பைத் தளர்த்துகிறது. இவ்விரண்டும் நீடிக்கும்போது அந்தக் காவல் செல்கள் ஓய்வின்றிக் கிளர்ச்சியுற்று, தாம் காக்க வேண்டிய நரம்புச் செல்களுக்கே தீங்கு செய்யத் தலைப்படுகின்றன. அல்ஸைமர் நோயிலும் பார்க்கின்சன் நோயிலும் இத்தகைய கிளர்ச்சி காணப்படுகிறது. அது அந்நோய்களுக்குக் காரணமா, விளைவா, இரண்டுமா என்பதில் அறிஞரிடையே இன்னும் விவாதம் உண்டு.

குறைத்துண்ணலின் மேல் விஞ்ஞானிகளின் கவனம் பெரிதும் திரும்பியது 1930-களில். அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில் கிளைவ் மெக்கே என்பவர், சத்துக் குறையாமல் கலோரியை மட்டும் குறைத்து வளர்த்த எலிகள் நெடுங்காலம் உயிர் வாழ்ந்ததை 1935-இல் வெளியிட்டார். பிற்காலத்தில், நரம்பு உறையைத் தாக்கும் அழற்சி நோயைச் சுண்டெலிகளில் உண்டாக்கி, அவற்றின் தீனியைக் குறைத்துப் பார்த்தபோது நோயின் கடுமை தணிந்தது. விஸ்கான்சினில் 30 விழுக்காடு குறைந்த தீனியில் பல்லாண்டு வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்கு நீரிழிவு அரிதாக இருந்ததோடு, மூளையின் சில பகுதிகள் குறைவாகவே சுருங்கின என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. உணவில்லா நேரத்தில் உடல் கொழுப்பை எரிக்கும்போது பிறக்கும் கீட்டோன் என்னும் பொருள், அழற்சியைத் தூண்டும் ஒரு புரதக் கூட்டை அடக்க வல்லது என்று யேல் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 2015-இல் காட்டினர். செல்கள் தமக்குள் பழுதுபட்ட பாகங்களைத் தாமே சீரணித்துப் புதுப்பிக்கும் முறை பட்டினியில் முடுக்கம் பெறுவது உண்மை. அம்முறையின் நுட்பங்களைக் கண்டறிந்தமைக்காகவே ஜப்பானியரான யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார். இவை யாவும் நம்பிக்கை தருவன. ஆனால் கூண்டில் அடைபட்ட எலி, தேநீர்க்கடையைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்லும் மனிதன் அன்று என்பதை மறவாமல் மேலே செல்வோம்.

மனிதரிடத்தில் நிகழ்ந்த சோதனைகளுள் இரண்டைச் சற்று விரித்துரைத்தல் தகும். உடல் பருமன் இல்லாத 218 அமெரிக்கர் இரண்டாண்டுச் சோதனை ஒன்றில் சேர்க்கப்பட்டனர். அவருள் ஒரு பிரிவினர்க்கு உணவை 25 விழுக்காடு குறைக்குமாறு சொல்லப்பட்டது. அத்தனை உதவியும் கண்காணிப்பும் இருந்தும் அவர்களால் குறைக்க முடிந்தது ஏறத்தாழ 12 விழுக்காடே. அந்த அளவுக்கே இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பொருள்கள் குறைந்தன, இரத்த அழுத்தமும் கொழுப்பும் சீர்பட்டன. கூடவே எலும்பின் அடர்த்தியும் சிறிது குறைந்தது. இதனைக் குறைத்துண்ணலைப் புகழ்வோர் பலர் சொல்லாமல் விடுகின்றனர். இரண்டாவது சோதனை 2023-இல் வெளிவந்தது. மூளைக்கு உகந்ததெனப் பெயர் பெற்ற ஓர் உணவுமுறையை 604 முதியோரிடத்தில் மூன்றாண்டு சோதித்தனர். ஒப்பீட்டுக்கு வைத்த பிரிவினரும் சிறிதளவு கலோரியைக் குறைத்தே உண்டனர். முடிவில் இரு பிரிவினரின் நினைவாற்றலிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. ஆகவே, குறைத்துண்டால் மறதிநோய் வாராது என்று எவரேனும் உறுதி கூறுவாராயின், அவர் அறிவியல் கூறாததைத் தாமே கூறுகிறார் என்று கொள்க.

ஆகார நியமம் மருந்துக்கு நிகராக நிற்கும் மூளைநோய் ஒன்று உண்டு. அது குழந்தைகளின் அடங்காத கால்கை வலிப்பு. மாவுச்சத்தை மிகச் சுருக்கிக் கொழுப்பை மிகுவிக்கும் கீட்டோன் உணவுமுறையை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸல் வைல்டர் 1921-இல் முன்மொழிந்தார். 2008-இல் லண்டனில் நடந்த சோதனையில், இம்முறையை மேற்கொண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 38 பேர்க்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மேற்கொள்ளாதவரில் 6 பேர்க்கே குறைந்தது. இது நரம்பியல் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் கிராம் கணக்கில் அளந்து நடத்தும் சிகிச்சை. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொல்லக் கேட்டு இதனைத் தாமாகவே மேற்கொள்வது தவறு. சிறப்பாக, டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய சர்க்கரை மாத்திரைகளை உட்கொள்வோர் மாவுச்சத்தை அறவே நீக்கினால், இரத்தம் அமிலமாகி உயிருக்கே அபாயம் நேரிடக்கூடும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். சர்க்கரை எல்லையைத் தொட்டும் இன்னும் நீரிழிவாக முற்றாத 531 பேரைச் சேர்த்து, ராயபுரத்தைச் சேர்ந்த டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆராய்ச்சி 2006-இல் வெளியாயிற்று. அறிவுரை ஏதும் பெறாத பிரிவில் மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்காரர் ஆயினர். உண்ணும் அளவைக் குறைத்து, சர்க்கரையையும் எண்ணெயையும் சுருக்கி, நார்ச்சத்தைக் கூட்டி, நாளும் அரைமணி நேரம் நடந்த பிரிவில் 39 பேரே ஆயினர். அதே ஆராய்ச்சியில் மாத்திரை மட்டும் பெற்ற பிரிவுக்குக் கிட்டிய பலனுக்கு இது சற்றும் குறைந்ததன்று. நம்மைப் போன்ற உடலும் நம் சமையலும் கொண்ட மனிதரிடத்தில், நம் நகரத்திலேயே நிறுவப்பட்ட இம்முடிவை, வெளிநாட்டு எலிகளின் ஆயுளைவிட மேலான பிரமாணமாக நான் மதிக்கிறேன். மூளையைத் தனியே காக்க முடியாது. அதற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களைக் காப்பதன் வாயிலாகவே அதனைக் காக்க இயலும்.

யார் குறைக்க வேண்டும் என்ற வினாவுக்கு வடசென்னையின் தொழில் வரலாறே பாதி விடை சொல்லும். துறைமுகத்தில் மூட்டைகளை முதுகில் சுமந்த தலைமுறைக்கு மூன்று வேளையும் குவியல் சோறு தேவையாயிருந்தது. அவர்கள் உண்டது அன்றன்றே வியர்வையாயிற்று. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. பளுத் தூக்கும் வேலை பாரந்தூக்கி இயந்திரத்துக்கும் டிரெயிலர் லாரிக்கும் போயிற்று. இன்று அவ்விடத்துப் பிள்ளைகளில் பலர் கிரேன் அறையிலும், லாரியின் இருக்கையிலும், கண்காணிப்புக் காமிராவின் முன்னும் அமர்ந்தே ஊதியம் பெறுகின்றனர். உழைப்பு மாறியது, தட்டின் அளவு மாறவில்லை. இடுப்பைச் சுற்றி அளக்கும்போது ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால், குறைத்துண்ண வேண்டியவர் என்று கொள்ளலாம். இன்றும் மீன் கூடை தூக்குபவரும், படகில் வலை இழுப்பவரும், கட்டட வேலை செய்பவரும் சோற்றைக் குறைக்க வேண்டியதில்லை.

குறைக்கக் கூடாதவர்களைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், மெலிந்த முதியோர், காசநோய் உள்ளோர், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்வோர் ஆகியோர்க்கு உபவாசமும் உணவுக் குறைப்பும் தீங்கே. ஜார்க்கண்டில் காசநோயாளரின் குடும்பத்தார்க்குச் சத்துணவு அளித்துச் சோதித்ததில் அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது என்று 2023-இல் நிரூபிக்கப்பட்டது. காசநோய்க் கிருமி மூளையுறையையும் பற்றி அழற்சி உண்டாக்கும் என்பதையும் இங்கே நினைவு கொள்க. மது அருந்திவிட்டுச் சாப்பிடாமல் படுக்கும் வழக்கம் உள்ளவர்க்குப் பட்டினியால் தயமின் என்னும் வைட்டமின் வற்றி, மனக்குழப்பமும் பார்வைத் தடுமாற்றமும் தள்ளாட்டமும் கூடிய கொடிய மூளைநோய் வந்து, நினைவு நிரந்தரமாக அழிந்துபோவதும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலத்தில், காசிமேட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் பெண்கள் தம் பங்கைக் குறைத்துப் பிள்ளைகளுக்கு இடுகின்றனர். அவர்களிடம் போய்க் குறைத்துண்ணலின் மேன்மையைப் போதிப்பது அறமாகாது. ஏழுகிணற்றில் வாழ்ந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நாள்தோறும் நடந்து வந்த வள்ளலார், பசியையே பிணியாகக் கருதி, 1867-இல் வடலூரில் தருமசாலை அமைத்தார்; அப்பெரியவர் தாம் மிகக் குறைவாக உண்டவர், ஆயினும் பிறர் பட்டினி கிடப்பதை ஒருபோதும் விரதம் என்று சொன்னவர் அல்லர்.

குறைக்க வேண்டியவர், எங்கே கை வைப்பது? முதலில் தேநீர். நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 50 கிராம், அஃதாவது 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கது என்று கூறும் எல்லை நாளைக்குச் சுமார் 25 கிராமே. தேநீரை இரண்டாக்கிச் சர்க்கரையை விட்டு, மாலையில் எண்ணெயில் பொரித்த பஜ்ஜி, போண்டாவுக்குப் பதிலாகச் சுண்டல் உண்பவர், முன் சொன்ன இரண்டாண்டுச் சோதனையில் அமெரிக்கர் அரும்பாடுபட்டு அடைந்த 12 விழுக்காட்டை அநேகமாக எட்டிவிடுவார். அதன் பிறகே சோற்றுக்கு வர வேண்டும். மூன்று கரண்டியை இரண்டாக்கி, விட்ட இடத்தைக் கீரையாலும் பருப்பாலும் காய்கறியாலும் நிரப்புக. பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேல். தயமின் அதில் பெரும்பாலும் தங்குகிறது. கேழ்வரகுக் கூழ் மிக நல்லது, ஆனால் தொட்டுக்கொள்ளும் கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் உப்பை ஏற்றுகின்றன. நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும், ஏனெனில் உயர்ந்த இரத்த அழுத்தமும் மறதிநோய்க்கு ஒரு வழி.

மீனைக் குறைக்க வேண்டாம். மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகிய விலை மலிந்த கடல்மீன்களில் அழற்சியைத் தணிக்கும் ஒமேகா-3 கொழுப்பு வஞ்சிரத்தைவிடக் குறைந்ததில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், பொரிக்காமல் குழம்பாக வைத்து உண்க. சாம்பல் கழிவும் ஆலைக் கழிவும் கலக்கும் எண்ணூர் உப்பங்கழியில் பிடித்த மீன், நண்டு, சிப்பி ஆகியவற்றைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதைத் தவிர்த்தல் நலம். இப்படிச் சொல்வது அக்கழியை நம்பி வாழும் மீனவரைப் புண்படுத்தும் என்பதை அறிவேன். கழியைக் கெடுத்தவர் அவர்கள் அல்லர்.

மணலிச் சுத்திகரிப்பு ஆலையிலும், திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் இரவு ஷிஃப்ட் செய்வோர்க்குத் தனியாக ஒரு வார்த்தை. பாஸ்டன் நகரில் செயற்கையாக இரவுப் பணியை உண்டாக்கிச் சோதித்தபோது, இரவில் உண்டவர்க்கு இரத்தச் சர்க்கரை 6.4 விழுக்காடு கூடியது. அதே பணியில் இருந்தும் பகலில் மட்டும் உண்டவர்க்குக் கூடவில்லை. சிறிய சோதனைதான், ஆயினும் பின்பற்ற எளியது. வேலைக்குப் புறப்படுமுன் மாலை ஏழு மணியளவில் முழு உணவு, நள்ளிரவில் தண்ணீரும் மோரும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், காலையில் வீடு திரும்பியதும் இரண்டு இட்லியும் சாம்பாரும் என்று முறைப்படுத்திக் கொள்க. கேன்டீனில் பின்னிரவு இரண்டு மணிக்குக் கிடைக்கும் பிரியாணியையும் புரோட்டாவையும் விட்டாலே பாதி வேலை முடிந்தது. இன்சுலின் போடுவோரும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் உணவு நேரத்தை மாற்றக் கூடாது. சர்க்கரை திடீரென இறங்கினால் மூளைக்கே முதற்கேடு.

நோன்புகள் இப்பகுதியில் எல்லாச் சமயத்தார்க்கும் உண்டு. ரமலானில் நோன்பு திறக்கப் பள்ளிவாசல்களில் வழங்கும் கஞ்சி, அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த அருமையான ஆகாரம். அதனோடு நிறுத்திக்கொண்டு, பொரித்த சமோசாவையும் சர்க்கரைப் பானத்தையும் தவிர்ப்பவர்க்கு நோன்பின் தேகப்பயன் முழுமையாகக் கிட்டும். கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் விரதம் இருப்போர் சோற்றை விட்டுவிட்டுப் பலகாரம் என்ற பெயரில் எண்ணெய்ப் பண்டங்களை உண்பது விரதத்தின் நோக்கத்தையே கெடுக்கிறது. அவர்க்குப் பாலும் பழமும் போதும். தவக்காலத்தில் இறைச்சியை விலக்கும் ராயபுரத்துக் கிறிஸ்தவர்கள் அவ்விடத்தில் பருப்பையும் மீனையும் சேர்த்துக்கொள்ள மறவாதிருக்க வேண்டும்.

உணவால் ஆகாதது ஒன்றும் உண்டு. புகையிலும் நிலக்கரித் தூளிலும் உள்ள நுண்துகள் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து மூளையின் அழற்சியைத் தூண்டக்கூடும். காற்று மாசை மறதிநோயின் அபாயக் காரணிகளுள் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020-இல் ஏற்றுக்கொண்டது. பழைய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017-இல் மூடப்பட்டாலும், அத்திப்பட்டு, வல்லூர் நிலையங்களின் புகைபோக்கிகள் இன்னும் புகைகின்றன. 2023 டிசம்பரில் மணலி ஆலையின் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழியில் பரவியதையும், அம்மாத இறுதியில் எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்கள் அம்மோனியா வாயுவால் நள்ளிரவில் வீடு விட்டு ஓடியதையும் நாம் கண்டோம். கீரையுண்டு அக்காற்றை வெல்லலாம் என்று இந்நூல் சொல்லாது. தட்டு நம் கையில் இருக்கிறது. காற்றைச் சுத்தமாக்கும் கடமை ஆலைகளுக்கும் அரசாங்கத்துக்கும் உரியது, அதனை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

ஆகார மாறுதலைத் தொடங்குமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் அருகிலுள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். நோய் உறுதியானால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேரும். வேலை, வீடு, வெயில் என்று காரணம் சொல்லித் தள்ளிப்போடாமல், வீட்டிலுள்ள பெரியவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு இந்த வாரத்திலேயே சென்று வாருங்கள்.